மணலின்மேல் சுமத்தும் பழி

ஒரு தேசம் தரித்திரத்தில் உழல்வதற்குக் காரணம் என்னவென்று கேட்டால், அந்தத் தேசத்தின் பூமியைச் சுட்டிக்காட்டி மறுமொழி சொல்லிவிடுவது வெகு காலமாக நடந்துவரும் வழக்கம். மலை நாடாயிருந்தால் விளைநிலம் இல்லை என்பார்கள். தீவாயிருந்தால் சந்தைக்குத் தூரம் என்பார்கள். பாலைவனமாயிருந்துவிட்டாலோ, மேற்கொண்டு கேள்வியே எழுவதில்லை. ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில், ஸஹாரா பாலைவனம் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தொடும் இடத்தில் பரந்து கிடக்கிற மௌரித்தானியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சுலபமான மறுமொழியோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். மணல் இருக்கிறது, மழை இல்லை, ஆகையால் ஜனங்கள் ஏழைகள் என்பது அவர்களுடைய தர்க்கம். இந்தத் தர்க்கம் பிசகானது என்பது என் அபிப்பிராயம். அந்நாட்டில் என்ன விளைகிறது, என்ன கிடைக்கிறது, அது எவருடைய கையால் எடுக்கப்பட்டு எவருடைய கைக்குப் போய்ச் சேருகிறது என்பதைச் சற்று நிதானமாக விசாரித்துப் பார்த்தால், அங்குள்ள வறுமையில் இயற்கையின் பங்கு சொற்பம் என்பதும், மனிதர்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட உடைமை முறையின் பங்கே பெரிது என்பதும் புலப்படும்.

மௌரித்தானியாவின் பரப்பு சுமார் 10,30,000 சதுர கிலோமீட்டர்; அதில் வாழ்கிறவர்கள் 50 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. சராசரி போட்டுப் பார்த்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஐந்து பேர்கூட வரமாட்டார்கள். வடக்கும் கிழக்கும் சுத்த ஸஹாரா. நடுவில் அத்ரார், தகாந்த் என்னும் பாறை மேடுகள் எழும்பி நிற்கின்றன. அவற்றின் மடிப்புகளில் ஊற்று கசியும் இடங்களிலெல்லாம் பேரீச்சந்தோப்புகள் உண்டு. தெற்கே போகப் போகப் புல்லும் முள்மரமும் தலைகாட்டி, கடைசியில் ஸெனகால் நதிக்கரையில், வெள்ளம் வடிந்த பிறகு சோளம் விதைக்கும் ஷெமாமா என்னும் வண்டல் பூமியில் வந்து தேசம் முடிகிறது. மேற்கே சுமார் 700 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்கரை. ஆழ்கடலின் குளிர்ந்த நீர் அங்கே ஓயாமல் மேலெழுந்து வருவதால், உலகத்தில் மீன் மிகுந்த கடல்களில் அதுவும் ஒன்றாக இருக்கிறது; ஆர்கேன் திட்டு என்னும் ஆழமற்ற பகுதிக்கு வட ஐரோப்பாவிலிருந்தும் ஸைபீரியாவிலிருந்தும் குளிர்காலத்தில் சுமார் 20 லட்சம் கரைப்பறவைகள் இரை தேடி வருகின்றன. பூமிக்கடியில் இரும்பும் செம்பும் தங்கமும் இருக்கின்றன. கடலுக்கடியில் எரிவாயு இருக்கிறது. இத்தனை சம்பத்தையும் உடைய நாட்டைப் பாலைவன தேசம் என்ற ஒற்றை அடைமொழிக்குள் அடைத்துவிடுவது, விசாரணையின்றி வழக்கை முடித்துவிடுவதற்கு ஒப்பாகும்.

1960-ஆம் வருஷம் நவம்பர் 28-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து சுதந்திரம் பெற்றபோது, அந்நாட்டு ஜனங்களில் பெரும்பான்மையோர் நிலையான வீடு இல்லாதவர்கள். ஒட்டகங்களையும் ஆடு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு, மழை பெய்த திசையை நோக்கிக் கூடாரத்தைப் பெயர்த்துச் சென்றவர்கள். எந்தக் கிணறு எந்தக் குலத்தாருடையது, எந்தப் புல் எந்த மாதத்தில் தலையெடுக்கும், எந்தச் சந்தையில் உப்புக்கு என்ன தானியம் கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த சாஸ்திரம். கூடாரத்தின் நிழலிலேயே மஹ்தரா என்னும் பாடசாலை நடந்தது. மரப்பலகையில் எழுதி எழுதி அழித்துக் குர்ஆனையும் இலக்கணத்தையும் தர்ம சாஸ்திரத்தையும் மனப்பாடம் செய்தார்கள். ஷிங்கெத்தி, வதான், திஷித், வலாதா என்ற பழைய வணிகப் பட்டணங்களில் குடும்பச் சொத்தாகக் காப்பாற்றி வைத்த ஏட்டுப் பிரதிகள் இன்றைக்கும் இருக்கின்றன. பாலைவனத்தில் மனிதர் பிழைக்க முடியாது என்ற வாதத்துக்கு, ஆயிரம் வருஷத்துக்குக் குறையாமல் அங்கே பிழைத்தவர்களின் சரித்திரமே போதுமான பதில். அவர்கள் பஞ்சத்தை அறியாதவர்கள் என்று சொல்லவரவில்லை, அடிக்கடி அறிந்தவர்கள்தான். ஆனால் பஞ்சம் வந்தால் நகர்ந்து போக வழியும், போன இடத்தில் பெற்றுக்கொள்ள உறவும் இருந்தன.

அந்த வாழ்க்கையின் முதுகெலும்பை முறித்தது 1968-ல் தொடங்கிச் சில வருஷங்கள் விடாமல் நீடித்த மழையின்மை. மந்தைகள் மடிந்தன. மடிந்த மந்தைக்கு உடையவர்கள் நுவாக்ஷோத் நகரத்தின் எல்லைக்கு வந்து கூடாரம் அடித்தார்கள். நுவாக்ஷோத் அப்பொழுது புத்தம் புதிய தலைநகரம். பிரெஞ்சுக்காரர் மௌரித்தானியாவை ஸெனகாலில் உள்ள ஸேன்-லூயி பட்டணத்திலிருந்தே ஆண்டுவந்ததால், சுதந்திர நாட்டுக்கென்று ஒரு தலைநகரம் வேண்டுமென்று 1958-ல் மணல்மேட்டின் நடுவே அடிக்கல் நாட்டி எழுப்பினார்கள். சில ஆயிரம் பேருக்கென்று திட்டமிட்ட அந்த ஊரில் இன்றைக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வசிக்கிறார்கள். பட்டா இல்லாமல் குடியேறிய மனைகளுக்குக் கஸ்ரா என்றும், தகரமும் சாக்கும் கொண்டு எழுப்பிய சேரிகளுக்குக் கெப்பே என்றும் ஊர்ப் பெயர். நகரத்தின் ஒரு பகுதி கடல் மட்டத்துக்குத் தாழ்வாக இருக்கிறது. கடலுக்கும் ஊருக்கும் நடுவே இயற்கை போட்டுவைத்த மணல் கரையை, வீடு கட்டுவதற்காக மணல் அள்ளி அள்ளிப் பல இடங்களில் உடைத்துவிட்டார்கள். மணலால் கெட்டோம் என்று சொல்லும் ஊர், மணல் குறைந்ததால் கடலுக்கு அஞ்ச வேண்டியிருப்பது விசித்திரம்தான்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மழை பொய்த்ததும் மந்தை மடிந்ததும் வானத்தின் செயல் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பஞ்ச வருஷங்களிலெல்லாம் வடக்கே இரும்பு வெட்டுவது ஓய்ந்துவிடவில்லை. கப்பல் கப்பலாகத் தாது போய்க்கொண்டேயிருந்தது. அப்படியானால் அதே தேசத்தின் குடிகள் குப்பை மேட்டில் வந்து விழ நேர்ந்தது எப்படி? இதற்கு விடை காண வேண்டுமானால், அந்நாட்டிலிருந்து பொருள் வெளியேறும் வழி எவ்வளவு பழமையானது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அந்த வழி நம்முடைய புதுச்சேரியையும் தொட்டுச் சென்றது என்பதனால், தமிழ் வாசகர்களுக்கு இது முற்றிலும் அந்நியமான கதையல்ல.

பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஐரோப்பாவில் துணிக்குச் சாயம் அச்சிடும் தொழில் ஓங்கியபோது, சாயம் பரவாமல் கெட்டியாகப் பிடிப்பதற்கு வேலமரத்துப் பிசின் இன்றியமையாததாயிற்று. ஸெனகால் நதிக்கு வடக்கே, த்ரார்ஸா, ப்ராக்னா என்னும் பிரதேசங்களிலுள்ள வேலங்காடுகளில் அந்தப் பிசின் ஏராளமாகக் கிடைத்தது. முள்ளில் கைகிழித்துக்கொண்டு பட்டையைக் கீறிப் பிசின் சேகரித்தவர்கள் அடிமைகள். அதை நதிக்கரைத் துறைகளுக்குக் கொண்டுவந்து விற்றவர்கள் அவர்களுடைய எஜமானர்களான, அரபு பேசும் மூர்கள். அந்த மூர்கள் பிசினுக்கு விலையாக வெள்ளிக் காசைக் காட்டிலும் விரும்பி வாங்கியது, அவுரிச் சாயத்தில் தோய்த்துத் தோய்த்துக் கருநீலமேறிய பருத்தித் துணி. கினே என்று பிரெஞ்சுக்காரர் பெயரிட்ட அந்தத் துணி சோழமண்டலக் கரையில், விசேஷமாகப் புதுச்சேரியிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும், நெய்து சாயமேற்றப்பட்டது. இத்தனை துணிக்கு இத்தனை பிசின் என்று கணக்குப் பேசும் அளவுக்கு அது நதிக்கரையில் நாணயமாகவே வழங்கிற்று. ஐரோப்பிய ஆலைகள் அதைப்போல் போலி செய்து அனுப்பிப் பார்த்தன. மூர்கள் துணியைத் தொட்டுப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் அசலையும் போலியையும் பிரித்துவிட்டார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் எழுந்த ஆலைகளுக்கும் இந்த ஆப்பிரிக்கக் கிராக்கி ஒரு பெரிய ஆதாரமாயிருந்தது.

இந்த வியாபாரத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். தொண்டை மண்டலத்து நெசவாளிக்கும் சாயக்காரனுக்கும் கிடைத்தது கூலி; வேலங்காட்டு அடிமைக்குக் கிடைத்தது கூழ்; நடுவில் நின்ற பிரெஞ்சு வர்த்தகனுக்கும், துறைமுகத்தில் தீர்வை வாங்கிய மூர் அமீருக்கும் லாபம். பிசினைப் பதப்படுத்தவோ அதைக் கொண்டு ஒரு தொழில் நடத்தவோ நதிக்கரையில் எதுவும் முளைக்கவில்லை. ஆலைகளுக்கு வேறு பசைகள் அகப்பட்டுப் பிசினின் மதிப்பு இறங்கியதும், நதிக்கரைத் துறைகள் ஓய்ந்துபோயின. காடு கொடுத்த செல்வத்துக்கு அடையாளமாக ஒரு தொழிற்சாலையோ ஒரு ரஸ்தாவோ மிஞ்சவில்லை. நீல ஆடையின்மேல் பாலைவனத்தாருக்கு உள்ள மோகம் மட்டும் மிஞ்சிற்று.

பிசின் போன வழியிலேயே பிற்பாடு இரும்பு போயிற்று. வடக்கே ஸுவேராத் ஊருக்குப் பக்கத்தில் கெதியத் இஜ்ஜில் என்ற மலை, 900 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. மலை முழுவதும் இரும்புத் தாது. 1952-ல் பிரெஞ்சு, பிரிட்டிஷ், ஜெர்மன், இத்தாலிய மூலதனத்தோடு மிஃபெர்மா என்ற கம்பெனி அமைந்தது. 1963-ல் அந்த மலையிலிருந்து நுவாதிபு துறைமுகத்துக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டு முடித்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில், இருநூறுக்கு மேற்பட்ட வாகன்களை இழுத்துக்கொண்டு போகும் அந்த ரயிலை உலகத்தின் மிக நீளமான ரயில்களில் ஒன்று என்று பத்திரிகைகளில் படம் போட்டுப் பாராட்டுகிறார்கள். பாதை நேராகப் போனால் அப்பொழுது ஸ்பெயினுக்குச் சொந்தமாயிருந்த மேற்கு ஸஹாராவின் ஒரு மூலையைத் தாண்ட வேண்டியிருந்தது. ஸ்பெயினோடு உடன்பாடு ஏற்படாமல் போகவே, ஷூம் என்ற இடத்தில் கருங்கல்லைக் குடைந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் வெட்டினார்கள். இரண்டு ஐரோப்பிய ராஜ்யங்களின் பிடிவாதத்துக்காக யாருமற்ற பாலைவனத்தில் பாறையைத் துளைத்த அந்தச் சுரங்கம் இப்பொழுது உபயோகமில்லாமல் கிடக்கிறது; ரயில் அந்த மூலையின் வழியாகவே போகிறது.

இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்த மௌரித்தானியர்களுக்கும் ஐரோப்பிய உத்தியோகஸ்தர்களுக்கும் கூலியிலும் குடியிருப்பிலும் இருந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. 1968 மே மாதம் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுதந்திர நாட்டின் சொந்தப் பட்டாளமே வந்து அவர்கள்மேல் சுட்டது. குறைந்தது எட்டுப் பேர் மாண்டார்கள். அந்த ரத்தம் அந்நாட்டு இளைஞர்களின் மனத்தை உலுக்கிற்று. முதல் ஜனாதிபதி மொக்தார் உல்த் தாதா அதைக் கவனியாதவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1973-ல் பிரெஞ்சுப் பிராங்க் வட்டத்திலிருந்து விலகி ஊகியா என்னும் சொந்த நாணயத்தை வெளியிட்டார். 1974-ல் சுதந்திர தினத்தன்று மிஃபெர்மாவை தேசிய உடைமையாக்கினார். ஆப்பிரிக்காவில் அன்றைக்கு அது துணிச்சலான காரியம். அதை ஏற்றுக்கொண்ட அரசாங்கக் கம்பெனியான ஸ்னிம் இன்றளவும் அரசாங்கப் பொக்கிஷத்துக்கு முக்கியமான வருமானமாக இருக்கிறது.

ஆனால் கம்பெனி கைமாறியதே தவிர, பொருள் போகும் திசை மாறவில்லை. தாது தாதுவாகவே கப்பலேறுகிறது. ஐரோப்பாவும், பிற்காலத்தில் சீனாவும் கேட்கும் விலைக்கு அது போகிறது. விலை ஏறினால் நுவாக்ஷோத்தில் மாளிகைகள் எழுகின்றன, இறங்கினால் பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சம்பளம் தடைப்படுகிறது. பாதை ஓரத்து ஊர்களுக்கு அந்த ரயிலால் விளைந்த நேரடி நன்மை, தாது வாகனின்மேல் காசில்லாமல் ஏறிக் கம்பளியால் முகத்தைப் போர்த்திக்கொண்டு இரவெல்லாம் பிரயாணம் செய்யலாம் என்பது. வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகள் இப்பொழுது அதை ஒரு சாகசமாகக் கருதிப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். வேறு வழியின்றி ஆட்டையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அதே தூசியில் போகிறவர்களுக்கு அது சாகசமாகத் தோன்றுமா என்பது சந்தேகம்.

தேசிய உடைமையாக்கிய அடுத்த வருஷமே மொக்தார் உல்த் தாதா செய்த பெரும் பிழை ஒன்று உண்டு. ஸ்பெயின் விட்டுப்போன மேற்கு ஸஹாராவை மொராக்கோவோடு பங்கிட்டுக்கொள்ள அவர் இசைந்தார். மேற்கு ஸஹாராவின் விடுதலைக்குப் போராடிய பொலிஸாரியோ வீரர்கள் அவருடைய நாட்டின் நாடியாகிய அந்த ரயில் பாதையையே குறிவைத்துத் தாக்கினார்கள். 1976-ல் தலைநகரம் வரைக்கும் வந்து சுட்டார்கள். யுத்தச் செலவில் கஜானா காலியாயிற்று; 1978 ஜூலையில் ராணுவம் அவரைக் கவிழ்த்தது; 1979-ல் தன் பங்கைக் கைவிட்டு மௌரித்தானியா யுத்தத்திலிருந்து விலகியது. அன்று ஆசனமேறிய ராணுவத்தின் நிழல் இன்னும் நீங்கவில்லை. 1984, 2005, 2008 என்று கவிழ்ப்புகள் தொடர்ந்தன. 2019-ல் ஒரு ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்த மற்றொருவருக்குச் சமாதானமாகப் பதவியை ஒப்படைத்தபோது அதைச் சரித்திர சம்பவமாகக் கொண்டாடினார்கள். ஒப்படைத்தவரும் ஏற்றவரும் ராணுவத்தில் ஒன்றாக இருந்தவர்கள், ஒப்படைத்தவர் பிற்பாடு அக்கிரமச் சொத்து வழக்கில் சிறை சென்றார் என்பவை அந்தச் சம்பவத்தின் பிற்சேர்க்கை.

மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்கேன் கரையில் இம்ராகென் என்னும் சிறு சமூகத்தார், கழியால் தண்ணீரை அடித்து ஓசை எழுப்பி, அந்த ஓசைக்கு வரும் டால்ஃபின்களின் உதவியால் மடவை மீனை வலைக்குள் திருப்பிப் பிடித்து வந்தவர்கள். அவர்களுடைய கடலுக்கு அப்பால் ஐரோப்பாவின் பெரிய கப்பல்களும், சீனர், ரஷ்யர் கப்பல்களும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அரிக்கின்றன. ஐரோப்பியக் கூட்டமைப்போடு உடன்படிக்கை 1987 முதலே உண்டு. அகப்படும் ஆக்டோபஸில் பெரும் பகுதி ஜப்பானுக்கும் ஸ்பெயினுக்கும் போகிறது. சென்ற பதினைந்து வருஷங்களாக நுவாதிபு கரையில் மீன்தூள் ஆலைகள் பெருகி, ஏழைகள் உண்ணும் சாளை மீனை அரைத்துத் தூளாக்கி, அயல்நாட்டுப் பண்ணை மீன்களுக்குத் தீனியாக அனுப்புகின்றன. தன் குடிகளுக்கு மலிவான உணவாகிற மீனை அடுத்தவன் மீனுக்கு உணவாக்குவது எந்தப் பொருளாதார சாஸ்திரத்தில் லாபமென்று எழுதியிருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

இதுவரை சொன்னது தேசத்துக்கு வெளியே போகிற பொருளைப் பற்றி. தேசத்துக்கு உள்ளேயே உழைப்பு எவரிடமிருந்து எவருக்குப் போகிறது என்பது இன்னும் கடினமான விஷயம்; வெளிநாட்டாரைக் குறை சொல்வதில் சலிக்காத பல மௌரித்தானியப் பிரமுகர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஹஸ்ஸானிய்யா என்ற அரபு மொழியைப் பேசுகிற மூர்களில் பைதான் என்பவர்கள் எஜமான வர்க்கம். அவர்களுக்குள்ளும் ஆயுதம் தரித்த குலங்கள், ஓதும் குலங்கள், கப்பம் கட்டும் குலங்கள், கொல்லர், பாணர் என்று படிகள் உண்டு. அதே மொழியைப் பேசிக்கொண்டு, அதே மதத்தை அநுசரித்துக்கொண்டு, பரம்பரை பரம்பரையாக அவர்களுக்கு அடிமை செய்தவர்களின் சந்ததியார் ஹராத்தீன்கள். ஜனத்தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு இவர்களே என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். மிச்சமுள்ளவர்கள், நதிக்கரையில் உழுது வாழும் ஹல்புலார், ஸோனின்கே, வோலோஃப் இனத்தார்.

கிணறு இறைத்தவர்கள், பேரீச்ச மரமேறிக் குலை வெட்டியவர்கள், மந்தை மேய்த்தவர்கள், பிசின் சேகரித்தவர்கள், மாவரைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளும் ஹராத்தீன்களுமே. அடிமைத்தனம் தாய் வழியாக இறங்கிற்று. அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தை, தகப்பன் எஜமானனாகவே இருந்தாலும், அடிமை. இந்த வழக்கத்தை ஒழித்துவிட்டதாக அந்நாட்டில் எத்தனை தடவை பறை சாற்றியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே, ஒவ்வொரு தடவையும் அது எவ்வளவு ஒழிந்தது என்பது தெரிந்துவிடும். 1905-ல் பிரெஞ்சு அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. எஜமானக் குலங்களின் தயவில் பாலைவனத்தை ஆள வேண்டியிருந்ததால் அதை அமுல்நடத்தவில்லை. சுதந்திர அரசியல் சட்டம் எல்லாரும் சமம் என்றது. 1981-ல் ராணுவ அரசாங்கம் அடிமை முறையை ரத்து செய்தது; உலகத்தில் கடைசியாக ரத்து செய்த தேசம் அதுவே. அந்தச் சட்டத்தில் நஷ்டஈட்டுக்கும் இடம் வைத்தார்கள்; யாருக்கு என்றால், அடிமையை இழக்கும் எஜமானனுக்கு! அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று எழுதுவதற்கு இன்னும் இருபத்தாறு வருஷம், 2007 வரைக்கும், பிடித்தது. அந்தச் சட்டத்தின்படி முதல் தண்டனை 2011-ல் கிடைத்தது. சகோதரர்களான இரண்டு சிறுவர்களை அடிமைகளாக வைத்திருந்தவருக்கு இரண்டு வருஷச் சிறை. சில மாதங்களில் அவர் ஜாமீனில் வெளிவந்துவிட்டார். அந்தச் சிறுவர்களின் வழக்கை விசாரித்த ஆப்பிரிக்க ஒன்றியத்தின் குழந்தை உரிமைக் குழு, மௌரித்தானிய அரசாங்கம் தன் கடமையில் தவறியது என்று தீர்மானித்து, 2018-ல் அதை வெளியிட்டது. நடுவே 2015-ல், இருபது வருஷம் வரை சிறை விதிக்கும் மற்றொரு கடுமையான சட்டமும் வந்தது.

அடிமை முறை இல்லை, அதன் மிச்சசொச்சங்களே இருக்கின்றன என்பது அரசாங்கத்தின் நிலையான வாதம். இந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். சந்தையில் மனிதர்களை விற்பதை இன்று அங்கே காண முடியாது. அன்றியும், மேல்நாட்டுப் பத்திரிகைகள் லட்சக்கணக்கில் எண்ணிக்கை சொல்லிப் பரபரப்பு ஊட்டுவதை நானும் நம்புகிறவன் அல்ல. ஆனால் சங்கிலி கழன்ற மனிதனுக்கு நிலம் இல்லாவிட்டால், அவன் மறுபடி அதே தோப்புக்கு, அதே எஜமானன் வீட்டு வாசலுக்கு, வாரத்துக்கு உழ வந்து நிற்பான் என்பது உலகறிந்த நியாயம். ஹராத்தீன்கள் 1978-ல் எல் ஹோர் என்னும் இயக்கத்தைத் தொடங்கியபோதே நிலத்தையும் கேட்டார்கள்.

அவர்கள் கேட்டதற்கு மறுமொழி போலத் தோன்றியது 1983-ஆம் வருஷத்து நிலச் சட்டம். நிலம் தேசத்துக்குச் சொந்தம், குலங்களின் பொது உடைமை இனி செல்லாது என்று அது பிரகடனம் செய்தது. காகிதத்தில் படித்தால் மிக முற்போக்கான சட்டம். ஆனால் அதே சமயத்தில் ஸெனகால் நதியின்மேல் தியாமா, அதன் உபநதியின்மேல் மனந்தாலி என்ற இரண்டு அணைகள் எழுந்துகொண்டிருந்தன. அணை முடிந்தால் வருஷம் முழுவதும் பாசனம், நெல் விளையும், நிலத்தின் மதிப்பு பலமடங்காகும் என்பதை நுவாக்ஷோத்தின் வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் நன்கு அறிந்திருந்தார்கள். காலியான நிலம் என்ற பெயரில் நதிக்கரைப் பூமி அவர்கள் வசமாயிற்று. தலைமுறைகளாக உழுதுவந்த ஹல்புலாரும் ஸோனின்கேயும் அந்நியர்களாயினர். ஹராத்தீன்களுக்கோ எஜமானனுடைய புதிய வயலில் பழைய வேலை கிடைத்தது. 1989 ஏப்ரலில் நதிக்கரையில் மேய்ப்பர்களுக்கும் உழவர்களுக்கும் மூண்ட ஒரு சண்டை மௌரித்தானியா, ஸெனகால் என்ற இரண்டு தேசத்துத் தலைநகரங்களிலும் கொலை கொள்ளையாகப் பரவியபோது, அதைச் சாக்காக வைத்து மௌரித்தானிய அரசாங்கம் தன் சொந்தக் கறுப்பினப் பிரஜைகள் பல்லாயிரம் பேரை, பத்திரங்களைப் பிடுங்கிக்கொண்டு, நதிக்கு அப்பால் துரத்தியது. ராணுவத்திலிருந்த கறுப்பினத்தார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். 1990-ஆம் வருஷம் சுதந்திர தினத்தன்றே இனால் என்ற ராணுவ முகாமில் 28 பேரைத் தூக்கிலிட்டார்கள். 1993-ல் ஒரு மன்னிப்புச் சட்டம் போட்டு விசாரணைக்கே வழியில்லாமல் செய்துவிட்டார்கள். மழை பெய்யாததற்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்?

இருள் முழுவதும் ஒரே நிறமல்ல என்பதற்கு ஒரு சிறிய உதாரணம் சொல்கிறேன். 1980-களின் இறுதியில், அந்நாட்டில் மணம் புரிந்து குடியேறிய பிரிட்டிஷ் பொறியியலாளரான நான்ஸி அபைதர்ரஹ்மான் என்ற அம்மையார் நுவாக்ஷோத்தில் திவிஸ்கி என்ற பால் பண்ணையைத் தொடங்கினார். தெற்கே மந்தை மேய்க்கிறவர்களிடமிருந்து ஒட்டகப் பால் வாங்கிக் காய்ச்சிப் பதப்படுத்தி நகரத்தில் விற்பது அதன் வேலை. ஒட்டகங்கள் நிறைந்த தேசத்தின் தலைநகரம் அதுவரை ஐரோப்பாவின் டப்பாப் பாலைக் குடித்துக்கொண்டிருந்தது. விருந்தினருக்குக் கொடுக்கவேண்டிய பாலைக் காசுக்கு விற்பது இழுக்கு என்று ஆரம்பத்தில் மேய்ப்பர்கள் தயங்கினார்கள். பிறகு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பால் ஊற்றத் தொடங்கின. அந்த அம்மையார் ஒட்டகப் பாலில் பாலாடைக்கட்டி செய்து ஐரோப்பாவுக்கு அனுப்ப முயன்றபோது, அங்குள்ள சுகாதார விதிகள் குறுக்கே நின்றன. தாதுவுக்கும் மீனுக்கும் திறந்திருக்கும் துறைமுகங்கள், பதப்படுத்திய பண்டத்துக்குத் திறக்கமாட்டேன் என்கின்றன; இதிலும் ஒட்டகத்தின்மேல் குற்றமில்லை.

இப்பொழுது எரிவாயுவின் முறை. ஸெனகால் எல்லையை ஒட்டிய கடலில், பிபி, காஸ்மாஸ் என்ற கம்பெனிகள் இரண்டு நாட்டு அரசாங்கங்களோடும் சேர்ந்து தோண்டிய கிணறுகளிலிருந்து 2024-ன் கடைசி நாளில் வாயு வரத்தொடங்கியது. 2025-ல் முதல் கப்பல் புறப்பட்டது. நுவாக்ஷோத்தில் சுபிட்சம் வந்துவிட்டதென்ற பேச்சு பலமாக இருக்கிறது. 2006-ல் ஷிங்கெத்தி என்று அந்தப் பழைய பட்டணத்தின் பெயரையே வைத்த எண்ணெய்க் கிணறுகள் திறந்தபோதும் இதே பேச்சு இருந்தது. நாளொன்றுக்கு 75,000 பீப்பாய் வரும் என்றார்கள், சில மாதங்களிலேயே அது சரசரவென்று இறங்கி, 2017-ல் கிணறுகளை மூடினார்கள். இம்முறை வாயு நிறைய இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், பிசினும் இரும்பும் போன பாதையில்தான் அதுவும் போகிறது; திரும்பி வரும் பணம் எங்கே இறங்கும் என்பதை வாயு தீர்மானிக்காது.

அதற்குக் காத்திராமலே செய்யக்கூடிய காரியம் இரண்டு இருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. 2011 முதல் அந்நாட்டில் பிரஜைகளையெல்லாம் புதிதாகப் பதிவு செய்கிறார்கள். பெற்றோரின் அத்தாட்சிப் பத்திரம் இருந்தால்தான் பிள்ளையின் பெயர் ஏறும். அடிமையாகப் பிறந்த தாய்க்கு ஏது பத்திரம்? 1989-ல் பத்திரம் பிடுங்கப்பட்ட குடும்பத்துக்கு ஏது? பத்திரமில்லாத குழந்தை சர்க்கார் பரீட்சை எழுத முடியாமல் படிப்பை நிறுத்திவிட்டு, தகப்பன் உழுத வயலுக்கே போகிறது. அந்தக் குழந்தைகளை நிபந்தனையின்றிப் பதிவு செய்வது ஒன்று. வாரத்துக்கு உழுகிற ஹராத்தீன் குடும்பங்களுக்கும் துரத்தப்பட்டுத் திரும்பிவந்த நதிக்கரைக் குடும்பங்களுக்கும் உழும் நிலத்தைப் பட்டா செய்து கொடுப்பது மற்றொன்று. இரண்டுக்கும் அந்நிய மூலதனம் வேண்டாம். ஹராத்தீன் தலைவரான பிராம் தா அபெய்த் 2014, 2019, 2024 ஆகிய மூன்று ஜனாதிபதித் தேர்தல்களிலும் இரண்டாவது இடத்தில் வந்திருப்பதைப் பார்த்தால், இவற்றைக் கேட்கிறவர்கள் சிலரல்ல என்பது ஆட்சியாளருக்கும் தெரியாமலிருக்க நியாயமில்லை. 2019-ல் பதவியேற்ற ஜனாதிபதி கஸ்வானியின் இரண்டாவது பதவிக்காலம் 2029-ல் முடிகிறது. இப்போதைய அரசியல் சட்டப்படி மூன்றாவது கிடையாது. அதற்குள் எத்தனை குழந்தைகளுக்குப் பத்திரமும் எத்தனை குடும்பங்களுக்குப் பட்டாவும் எழுதினார் என்பதை வைத்தே அவருடைய ஆட்சியை நான் மதிப்பிடுவேன். எத்தனை கப்பல் வாயு ஏற்றினார் என்ற கணக்கு எனக்கு இரண்டாம் பட்சம்.